அராக்கிஸ்: கற்பனைப் பாலைவனக் கோள்

அராக்கிஸ் என்பது அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய ‘டியூன்’ புதின வரிசையில் வரும் கற்பனைக் கோள் ஆகும். ஆங்கிலத்தில் ‘டியூன்’ என்றால் மணற்குன்று என்று பொருள். கோள் முழுவதும் மணலும் பாறையுமாக இருப்பதால் அதற்கு இதுவே மறுபெயராகவும் வழங்குகிறது. இங்கு மழை பெய்வதில்லை. ஆறு, ஏரி, கடல் எதுவும் இல்லை. மணலுக்கு அடியில் 400 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள புழுக்கள் திரிகின்றன. ஆயினும் அக்கற்பனை உலகின் மிக விலையுயர்ந்த பொருள் இங்கு மட்டுமே கிடைக்கிறது. அதனால் பேரரசரும் பிரபுக் குடும்பங்களும் இக்கோளுக்காகப் போரிடுகின்றனர்.

கற்பனைக் கதைகளில் பாலைவனம் பெரும்பாலும் கதைமாந்தர் கடந்து செல்ல வேண்டிய ஒரு தடையாகவே வரும். அராக்கிஸ் அப்படிப்பட்டதன்று. இங்குள்ள ஒவ்வோர் ஆபத்துக்கும் காரணம் உண்டு. புழு, மணல், வறட்சி, செல்வம் ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணியைக் கழற்றினால் மற்றவையும் கழன்றுவிடும். அச்சங்கிலி எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதை மாற்ற முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கதையின் பிற்பகுதி நிகழ்வுகளும் இதில் கூறப்படுவதால், நூலை இனிமேல் படிக்க இருப்போர் அதை மனத்தில் கொள்க.

நூலும் ஆசிரியரும்

பிராங்க் ஹெர்பர்ட் 1920-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள டகோமா நகரில் பிறந்தார். நீண்ட காலம் செய்தித்தாள்களில் பணியாற்றினார். 1986-இல் மறைந்தார். ‘டியூன்’ கதை முதலில் ‘அனலாக்’ என்னும் அறிவியல் புனைகதை இதழில் 1963 டிசம்பர் முதல் 1965 மே வரையிலான காலத்தில் இரண்டு தொடர்களாக வெளிவந்தது. நூலாக வெளியிட இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. இறுதியில், வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர் பெற்ற சில்டன் என்ற பதிப்பகம் 1965-இல் அதை வெளியிட்டது. அந்நூல் 1966-இல் ஹியூகோ விருதை மற்றொரு நூலுடன் பகிர்ந்துகொண்டது. சிறந்த புதினத்துக்கான முதல் நெபுலா விருதும் அதற்கே கிடைத்தது. அதன்பின் 1969 முதல் 1985 வரை மேலும் ஐந்து புதினங்களை ஹெர்பர்ட் இவ்வரிசையில் எழுதினார்.

கற்பனையின் தோற்றுவாய்

அராக்கிஸ் பிறந்த இடம் சகாராவோ அரேபியப் பாலைவனமோ அன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மழை மிகுந்த பசிபிக் கடற்கரையில் அது பிறந்தது. அங்கே பிளாரன்ஸ் என்ற ஊரிலிருந்து தெற்கே சுமார் 64 கிலோமீட்டர் தொலைவுக்கு மணற்குன்றுகள் பரந்துள்ளன. கடற்காற்று இம்மணலை மெல்ல மெல்ல உள்நாட்டை நோக்கித் தள்ளியது. சாலைகள், வீடுகள், நீர்நிலைகள் மணலுக்குள் புதையத் தொடங்கின. அமெரிக்க வேளாண்மைத் துறையினர் ஒருவகைப் புல்லை நட்டு, நகரும் மணலை நிறுத்த முயன்றனர்.

1957-இல் ஹெர்பர்ட் இம்முயற்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காக அங்கு சென்றார். சிறு விமானத்தில் பறந்து மணற்குன்றுகளை மேலிருந்து பார்த்தார். கடல் அலைகளைப் போலவே மணலும் நகர்கிறது, ஆனால் மிக மெதுவாக நகர்கிறது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அந்தக் கட்டுரை முற்றுப்பெறவே இல்லை. அதற்காகத் திரட்டிய செய்திகளும், அதன்பின் பாலைவனங்கள் பற்றியும் பாலைவனச் சமயங்கள் பற்றியும் படித்தவையும் சேர்ந்து புதினமாக வளர்ந்தன. வறண்ட நில உயிரியல் சூழலை ஆராய்வோருக்கே அவர் ‘டியூன்’ நூலைக் காணிக்கையாக்கியுள்ளார்.

அமைவிடமும் நிலவியல்பும்

கதையின்படி அராக்கிஸ், கனோபஸ் என்னும் விண்மீனைச் சுற்றும் மூன்றாவது கோள் ஆகும். கனோபஸ் உண்மையான விண்மீன். இரவு வானில் சிரியசுக்கு அடுத்தபடியாக ஒளி மிகுந்தது. இந்திய மரபில் இதுவே அகத்தியர் விண்மீன். கடல் நீரைக் குடித்து வற்றச் செய்ததாகப் புராணம் கூறும் முனிவரின் பெயர்கொண்ட விண்மீனை ஒரு நீரற்ற கோள் சுற்றிவருவதாக அமைந்தது தற்செயலான பொருத்தம்.

அராக்கிசுக்கு இரண்டு நிலவுகள் உண்டு. பெரிய நிலவில் மனிதக் கைமுட்டியைப் போன்ற வடிவம் தெரியும். மற்றொன்றில் பாலைவனச் சுண்டெலியின் வடிவம் தெரியும். ‘முவாதிப்’ என்று அழைக்கப்படும் அச்சுண்டெலியின் பெயரையே கதைத்தலைவன் பால் அட்ரெய்டிஸ் பின்னர் தனக்குச் சூட்டிக்கொள்கிறான்.

நகரங்கள் அனைத்தும் வடதுருவத்தை ஒட்டியே உள்ளன. அங்கே ‘கேடயச் சுவர்’ எனப்படும் மலைத்தொடர் புயலையும் புழுக்களையும் தடுக்கிறது. தலைநகர் அராக்கீன் இந்தப் பாதுகாப்பான பகுதியில் உள்ளது. துருவத்தில் சிறிது பனிக்கட்டி உண்டு. நகரவாசிகளுக்குக் கிடைக்கும் நீரில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. மலைச்சுவரைத் தாண்டினால் திறந்த பாலைவனம். பரந்த மணற்கடலுக்கு ‘எர்க்’ என்றும், தட்டையான வெட்டவெளிக்கு ‘பிளெட்’ என்றும் கதையில் பெயர்கள் வருகின்றன. இவை ஹெர்பர்ட் புனைந்த சொற்கள் அல்ல. அரபு மொழியிலிருந்து எடுத்தவை.

ஆபத்துகள்

வெப்பமும் நீரின்மையும்

வடக்கு, தெற்கு 70 பாகைக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வெப்பநிலை 254 முதல் 332 கெல்வின் வரை இருக்கும் என்று நூலின் பின்னிணைப்பு கூறுகிறது. நமக்குப் பழக்கமான அளவில் இது ஏறத்தாழ –19 முதல் 59 செல்சியஸ் வரை ஆகும். இவ்வெப்பநிலை கடுமையானதே என்றாலும் உயிர்கள் வாழவே முடியாத அளவன்று. பயிர் வளரத்தக்க வெப்பநிலை நிலவும் நீண்ட பருவங்களும் அங்கு உண்டு. அப்படியானால் ஏன் எதுவும் வளரவில்லை? நீர் இல்லை. இக்கேள்விதான் கதையில் வரும் அறிவியலாளரின் திட்டத்துக்கு அடிப்படையாகிறது.

புயல்

அராக்கிசின் பெரும்புயல்கள் ‘கொரியோலிஸ் புயல்’ எனப்படுகின்றன. தடுக்க மலையோ மரமோ இல்லாத சமவெளியில் காற்றின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர் வரை உயரும். அவ்வேகத்தில் பறக்கும் மணல் உலோகத்தையும் அரித்துவிடும். மனிதன் சிக்கினால் எலும்பும் மிஞ்சாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மை அளவு: சூறாவளிச் சுழற்காற்றுகளைத் தவிர்த்து, புவியில் பதிவான மிக வேகமான காற்று வீச்சு மணிக்கு 408 கிலோமீட்டர். அது 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் பதிவானது.

மணல்

சில இடங்களில் மணல் இறுகி, மேலே கால் பட்டதும் முரசு போல ஒலிக்கும். இது ‘முரசு மணல்’. வேறு சில இடங்களில் நுண்தூள் நிறைந்த பள்ளங்கள் மூடிய தரைபோலக் கிடக்கும். கால் வைத்தால் ஆள் மூழ்கிப்போவார். ஒலிக்கும் மணல் முழுக் கற்பனையன்று. சீனாவின் துன்ஹுவாங் அருகிலும், கலிபோர்னியாவின் கெல்சோ மணற்குன்றுகளிலும் உலர்ந்த மணல் சரியும்போது முழக்கம் கேட்கும்.

மணற்புழு

அராக்கிசின் மிகப் பெரிய ஆபத்து மணற்புழு. பாலைவன மக்கள் அதை ‘ஷாய்-ஹுலூத்’ என்று வணக்கத்துடன் அழைக்கின்றனர். மணலில் எழும் சீரான அதிர்வு அதை ஈர்க்கும். மனிதன் இயல்பாக நடப்பதே சீரான அதிர்வுதான். எனவே பாலைவனத்தைக் கடப்போர் தாளம் தப்பிய நடையில், நின்றும் இழுத்தும் விரைந்தும் நடக்கின்றனர். காற்றால் சரியும் மணலின் ஓசையைப் போலத் தோன்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். புழுவை வேறு பக்கம் திருப்ப, மணலில் நட்டுவைத்தால் விட்டுவிட்டு ஒரே சீராக அடிக்கும் ‘தம்பர்’ என்ற கருவியைப் பயன்படுத்துகின்றனர். போர்வீரரைக் காக்கும் ஆற்றல் கவசங்களை இங்கு இயக்கக் கூடாது. அவற்றின் அதிர்வு புழுக்களுக்கு வெறியூட்டும்.

இப்புழுவைக் கொல்வது மிகக் கடினம். அதன் ஒவ்வொரு வளையமும் தனித்தனியே உயிர்த்தன்மை கொண்டது. ஆனால் நீர் அதற்கு நஞ்சு. எளிய உயிர்களுக்கெல்லாம் உயிர் தரும் நீர், இக்கோளின் மிகப் பெரிய உயிரைக் கொல்கிறது. கதையின் முடிச்சு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியுள்ளது.

மெலாஞ்ச்: ஆபத்தின் மறுபக்கம்

இத்தனை ஆபத்து நிறைந்த இடத்துக்கு ஏன் மனிதர் வருகின்றனர்? ‘மெலாஞ்ச்’ என்ற பொருளுக்காக. இலவங்கப்பட்டை போல மணப்பதால் அதைப் பொதுவாக ‘ஸ்பைஸ்’, அதாவது மசாலா என்றே அழைக்கின்றனர். அது ஆயுளை நீட்டிக்கிறது; மனத்தின் ஆற்றலைப் பெருக்குகிறது. விண்கலங்களைச் செலுத்துவோர் அதை உட்கொண்டே விண்மீன்களுக்கிடையே ஆபத்தில்லா வழியை முன்கூட்டி உணர்கின்றனர். ஆகவே மெலாஞ்ச் நின்றுபோனால் விண்பயணமும் வணிகமும் பேரரசும் நின்றுபோகும். அது அடிமைப்படுத்தும் பொருளும்கூட. தொடர்ந்து உண்போரின் கண்கள் வெண்விழி உட்பட முழுவதும் நீலமாகிவிடும். அதிக அளவில் பழகியவர் நிறுத்தினால் உயிர் போகும்.

மெலாஞ்சை அள்ளுவதற்குத் தொழிற்சாலை போன்ற பெரும் ஊர்திகள் பாலைவனத்தில் இறக்கப்படுகின்றன. அவற்றின் அதிர்வுக்குப் புழு எப்போதும் வரும். வருமா என்பது கேள்வியன்று. எப்போது வரும் என்பதே கேள்வி. வானிலிருந்து கண்காணிப்போர் புழுவின் அறிகுறியைக் கண்டதும், பெரும் பறக்கும் ஊர்தி வந்து அள்ளும் ஊர்தியைத் தூக்கிச் செல்ல வேண்டும். ஒருமுறை அந்தப் பறக்கும் ஊர்தி வரவில்லை. கோளின் புதிய ஆட்சியாளரான லெட்டோ பிரபு, சேர்த்த மெலாஞ்சைக் கைவிட்டு 26 தொழிலாளரைத் தம் குழுவின் சிறு விமானங்களில் ஏற்றிக் காப்பாற்றுகிறார். அங்கே பொருளைவிட உயிர் பெரிது என்று நடந்துகொள்வது வழக்கமில்லை. அதனால்தான் உடனிருந்த கோளியல் அறிஞர் லியெட்-கைன்ஸ், தம் விருப்பத்தையும் மீறி அவரை மதிக்கத் தொடங்குகிறார்.

உயிர்ச் சுழற்சி

மெலாஞ்ச் எங்கிருந்து வருகிறது என்பது நகரங்களில் வாழ்வோருக்குத் தெரியாது. பாலைவன மக்களுக்குத் தெரியும். அச்சுழற்சியைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்:

1. மணலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை மணலில் சிதறிய மெலாஞ்சை உண்கின்றன. அவற்றைப் புழுக்கள் உண்கின்றன.

2. தப்பிப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் வளர்ந்து ‘மணல்மீன்’ எனப்படும் தோல்போன்ற சிற்றுயிர்கள் ஆகின்றன. இவை நிலத்துக்கு அடியில் கிடைக்கும் நீரைச் சூழ்ந்து மூடிச் சிறைப்படுத்துகின்றன.

3. மணல்மீன்களின் கழிவுடன் நீர் கலந்து, பூஞ்சை போன்ற ஒரு திரள் மணலுக்கடியில் பொங்குகிறது. அதில் வாயு சேர்ந்து அழுத்தம் மிகும்போது அது வெடித்து மேலே வருகிறது. வெயிலும் காற்றும் பட்டதும் அதுவே மெலாஞ்ச் ஆகிறது.

4. வெடிப்பில் பெரும்பாலான மணல்மீன்கள் மடிகின்றன. எஞ்சிய சில, கூடு போன்ற உறையில் ஆறு ஆண்டுகள் உறங்கி, சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள புழுக்களாக வெளிவருகின்றன.

5. புழுக்கள் வளர்ந்து பாறையையும் மண்ணையும் மணலாக்குகின்றன. கோளின் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அவற்றிலிருந்தே வருகிறது. 200 மீட்டர் நீளமுள்ள ஒரு புழு, பத்துச் சதுர கிலோமீட்டர் பசுந்தாவரப் பரப்புக்கு இணையான ஆக்சிஜனை வெளிவிடுவதாகப் பின்னிணைப்பு கூறுகிறது.

ஆக, பாலைவனத்தில் புழு வாழ்கிறது என்று மட்டும் சொல்வது போதாது. புழுவே பாலைவனத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. கோளில் உப்புப் படுகைகள் இருப்பதால் முன்னொரு காலத்தில் அங்கே நீர்ப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் ஊகிக்கின்றனர். மணல்மீன்கள் வேறெங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவை, அவையே கோளை வறட்சியாக்கின என்பது மூன்றாவது புதினத்தில் தெரியவருகிறது.

தமிழ் மரபில் பாலைக்குத் தனி நிலம் சொல்லப்படுவதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் பாலை என்பது ஒரு நிலத்துக்கு நேர்ந்த நிலை என்னும் இக்கருத்து, அராக்கிசைப் புரிந்துகொள்ள நமக்கு உதவும்.

பிரெமன் மக்களும் நீரும்

பாலைவனத்தின் உட்பகுதியில் வாழ்வோர் பிரெமன் எனப்படுகின்றனர். பாறைக் குகைகளில் ‘சீச்’ என்னும் குடியிருப்புகளை அமைத்து வாழ்கின்றனர். புழுவின் பல்லால் செய்த கத்தியை ஏந்துகின்றனர். புழுவின் மீது ஏறிப் பயணமும் செய்கின்றனர். புழுவின் ஒரு வளையத்தின் விளிம்பைக் கொக்கியால் நெம்பித் திறந்தால், மென்மையான உட்சதையில் மணல் படாதிருக்க அது அப்பகுதியை மேலே திருப்பிக்கொள்ளும், மணலுக்குள் மூழ்காது. இதுவே ஏறிச் செல்வதன் சூட்சுமம்.

அவர்களின் வழக்கங்கள் அனைத்தும் நீரை மையமாகக் கொண்டவை. ஒருவர் முன்னிலையில் எச்சில் துப்புவது அவர்களிடையே மரியாதை. உடலின் ஈரத்தைப் பரிசளிப்பதாகப் பொருள். இறந்தவருக்காகக் கண்ணீர் விடுவது அரிய செயல், அதுவும் நீர்க்கொடையே. ஒருவரின் தசை அவருக்குரியது, ஆனால் உடலிலுள்ள நீர் குலத்துக்குரியது என்பது அவர்களின் சட்டம். எனவே இறந்தவரின் உடலிலிருந்து நீர் பிரித்தெடுக்கப்பட்டுக் குலத்தின் பொதுத் தேக்கத்தில் சேர்க்கப்படுகிறது. ஒரே ஒரு சீச்சின் தேக்கத்தில் 38 கோடி லிட்டருக்கும் மேல் நீர் உள்ளதைப் பால் காண்கிறான். அத்தனை நீரிருந்தும், தாகத்தால் சாகும் நிலையிலும் ஒருவரும் அதைத் தொடுவதில்லை. அது வருங்காலத்துக்கானது.

நகரத்தில் நிலைமை வேறு. அராக்கீன் மாளிகையின் முன்னே இருபது பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், ஒரு மனிதனுக்கு 8 லிட்டர் நீர் வேண்டும். அதாவது ஒரு மரம் ஐந்து மனிதருக்குச் சமம். இருபது மரங்கள் நூறு மனிதருக்குச் சமம். தெருவில் செல்வோர் அம்மரங்களை ஏன் அப்படிப் பார்க்கின்றனர் என்பதை இந்தச் சிறு கணக்கு விளக்கிவிடுகிறது. மாளிகை விருந்தில் விருந்தினர் கை நனைத்துத் தரையில் நீரைத் தெறித்து, துண்டால் துடைப்பர். பின்னர் அத்துண்டைப் பிழிந்த நீர் வாசலில் பிச்சைக்காரருக்கு வழங்கப்படும். லெட்டோ பிரபு அந்த வழக்கத்தை நிறுத்தி, வருவோர்க்கு ஒரு குவளை நீர் தர ஆணையிடுகிறார்.

நீர்காப்பு உடை

பாலைவனத்தில் உயிர்பிழைக்க பிரெமன் மக்கள் அணிவது ‘ஸ்டில்சூட்’ எனப்படும் நீர்காப்பு உடை. பல அடுக்குகள் கொண்ட இவ்வுடை வியர்வையையும் சிறுநீரையும் வடிகட்டித் தூய நீராக்கிப் பைகளில் சேர்க்கிறது. அதை ஒரு குழாய் வழியே உறிஞ்சிக் குடிக்கலாம். நடக்கும்போது குதிகாலும், மூச்சுவிடும்போது மார்பும் தரும் அழுத்தமே நீரை ஏற்றும் விசை. வாயில் உள்ள வடிகட்டி வழியே மூச்சை இழுத்து, மூக்கிலுள்ள குழாய் வழியே விட வேண்டும். நன்கு பொருந்திய உடையை அணிந்தவர் ஒரு நாளில் இழக்கும் நீர் விரல்நுனி அளவே இருக்கும்.

அறிவியல் நோக்கில்

மாணவர்கள் கற்பனையையும் அறிவியலையும் பிரித்தறிய அராக்கிஸ் நல்ல பயிற்சிக் களம்.

உடை: வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அந்த ஆவி உடைக்குள்ளேயே மீண்டும் நீரானால் அதே வெப்பம் திரும்ப வெளிப்படும். அதை வெளியேற்ற வழியில்லாவிட்டால், அணிந்தவர் தாகத்திலிருந்து தப்பி வெப்பத்தால் மடிவார். ஆனால் மூச்சின் ஈரத்தை மீட்கும் கருத்து சரியானதே. வட அமெரிக்காவின் கங்காரு எலி, வெளிவிடும் மூச்சை மூக்கிலேயே குளிரச் செய்து ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. நீர் குடிக்காமலே வாழ்கிறது.

புயல்: கொரியோலிஸ் விளைவு காற்றின் திசையைத் திருப்பும், வேகத்தைக் கூட்டாது. ஆகவே கோளின் சுழற்சி காற்றுக்கு வேகம் சேர்க்கிறது என்னும் கதையின் விளக்கம் இயற்பியலோடு பொருந்தாது.

விண்மீன்: கனோபஸ் சூரியனைவிடப் பல மடங்கு நிறை கொண்டது. அத்தகைய விண்மீன்களின் ஆயுள் சில கோடி ஆண்டுகளே. உயிர்கள் தோன்றிப் பெருகுவதற்கு அது போதாது.

புழு: உலர்மணலுக்குள் 400 மீட்டர் உடலை இழுத்துச் செல்ல வேண்டுமானால் உராய்வை வெல்ல மிகப் பெரும் ஆற்றல் வேண்டும். அதற்கான உணவு பாலைவனத்தில் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்விக்கு நூலில் நிறைவான விடை இல்லை.

இவ்வளவு இருந்தும் நூல் மதிக்கப்படுவதற்குக் காரணம், தனித்தனி உண்மைகளைவிட அவற்றுக்கிடையிலான தொடர்பை அது சரியாகக் காட்டுகிறது. உணவுச் சங்கிலி, நீர்ச் சுழற்சி, வளிமண்டலம், மனித வழக்கம் ஆகியவற்றை ஒரே வலையாகப் பார்க்க அது கற்றுத்தருகிறது.

பசுமைத் திட்டம்

லியெட்-கைன்சின் தந்தை பார்டட் கைன்ஸ், பேரரசர் அனுப்பிய கோளியல் அறிஞர். அராக்கிசைப் பசுமையாக்க முடியும் என்று அவர் பிரெமன் மக்களை நம்பவைக்கிறார். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் பொறிகள் அமைத்தல், பனித்துளி சேர்த்தல், மணற்குன்றின் காற்று மறைவுப் பக்கத்தில் வறட்சி தாங்கும் புல்லை நடுதல், பின்னர் செடி, புதர், மரம் என்று படிப்படியாக முன்னேறுதல் என்பது அவரது திட்டம். ஓரிகனில் ஹெர்பர்ட் கண்ட புல் நடும் பணியின் சாயலை இதில் தெளிவாகக் காணலாம். எத்தனை காலம் ஆகும் என்று கேட்டபோது, 300 முதல் 500 ஆண்டுகள் என்கிறார். தாம் காணப்போவதில்லை, தம் பேரப்பிள்ளைகளும் காணப்போவதில்லை என்று தெரிந்தும் மக்கள் ஒப்புக்கொள்கின்றனர். குகைகளில் நீரைத் தொடாமல் சேர்த்துவைப்பது இதற்காகவே.

தந்தைக்குப் பின் பணியை ஏற்ற லியெட்-கைன்சின் முடிவு கொடூரமானது. எதிரிகள் அவரை நீர்காப்பு உடையின்றிப் பாலைவனத்தில் விட்டுச் செல்கின்றனர். மயங்கிக் கிடக்கும் அவர், தமக்குக் கீழே மணலுக்கடியில் வாயு திரள்வதை அறிகுறிகளால் உணர்கிறார். இன்னும் சற்று நேரத்தில் அது வெடிக்கும் என்று அறிகிறார். ஆனால் நகர வலுவில்லை. பாலைவனத்தை யாரையும்விட நன்கு அறிந்தவர், என்ன நிகழ்கிறது என்று முழுவதும் அறிந்தபடியே அதனுள் மறைகிறார்.

பசுமையின் விலை

பால் அட்ரெய்டிஸ் பேரரசனான பிறகு, நூற்றாண்டுகள் எடுக்க வேண்டிய மாற்றம் மிக விரைவாக நடக்கிறது. வாய்க்கால்கள் ஓடுகின்றன, மரங்கள் வளர்கின்றன, முதன்முறையாக மழை பெய்கிறது. மக்கள் கனவு கண்டது கிடைத்துவிட்டது. ஆனால் நீர் புழுவுக்கு நஞ்சு. பசுமை பரவப் பரவப் புழுக்கள் பின்வாங்குகின்றன. புழுக்கள் மறைந்தால் மெலாஞ்சும் மறையும்.

சுமார் 3,500 ஆண்டுகளுக்குப் பின் நடப்பதாக எழுதப்பட்ட நான்காவது புதினத்தில் அராக்கிஸ் ஆறுகளும் காடுகளும் கொண்ட கோள். எஞ்சியுள்ள ஒரே சிறு பாலைவனம் காப்பகம்போல வைத்துக் காக்கப்படுகிறது. பிரெமன் மக்களின் வழிவந்தோர் ‘அருங்காட்சியக பிரெமன்’ என்று இகழ்ச்சியாகக் குறிப்பிடப்படுகின்றனர். பழைய உடையை அணிகின்றனர். பழைய சடங்குகளைச் செய்கின்றனர். பொருள் மட்டும் மறந்துவிட்டது. நீர் தட்டுப்பாட்டில் பிறந்த ஒழுக்கம், நீர் பெருகியதும் வெறும் வேடமாகிவிட்டது.

இதனால், பாலைவனத்தைப் பசுமையாக்கக் கூடாது என்று ஹெர்பர்ட் சொல்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. தாகத்தால் வாடிய மக்களின் ஆசையை அவர் எங்கும் கேலி செய்யவில்லை. ஒரு சூழலில் ஒன்றை மட்டும் மாற்றுவது இயலாது, மாற்றுவோர் அதன் விலையை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும் என்பதே அவர் காட்டும் பாடம்.

ஓரிகனில் பின்னர் நடந்தது

கதையைத் தூண்டிய இடத்திலும் ஏறத்தாழ இதே நிகழ்ந்தது. மணலை நிறுத்த ஓரிகனில் நடப்பட்டது ஐரோப்பியக் கடற்கரைப் புல். அது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. கடலோரம் புல் பிடித்து மேடு எழுந்ததால் உள்ளே வரும் மணல் குறைந்தது. திறந்த மணல்வெளி சுருங்கி, செடிகொடிகள் மூடத் தொடங்கின. வெறும் மணலில் முட்டையிடும் பனி உப்புக்கொத்தி என்ற சிறு பறவையின் மேற்குக் கரை இனம் வாழிடம் இழந்தது. 1993-இல் அது அமெரிக்கச் சட்டப்படி அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதி 1972 முதல் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக உள்ளது. முன்பு முயன்று நட்ட புல்லை, மணற்குன்றுகளைக் காப்பாற்றுவதற்காக இப்போது முயன்று அகற்றி வருகின்றனர்.

திரையிலும் வானிலும்

‘டியூன்’ 1984-இல் டேவிட் லிஞ்ச் இயக்கத்தில் திரைப்படமானது. அதன் பாலைவனக் காட்சிகள் மெக்சிகோவில் எடுக்கப்பட்டன. 2000-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. டெனி வில்நோவ் இயக்கிய இரு படங்கள் 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. ஜோர்தானின் வாடி ரம் பள்ளத்தாக்கும் அபுதாபியின் மணற்பரப்பும் அவற்றில் அராக்கிசாகத் தோன்றுகின்றன.

சனிக் கோளின் நிலவான டைட்டனிலும் மணற்குன்றுகள் உண்டு. அங்குள்ள சமவெளிகளுக்கு, பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஹெர்பர்ட்டின் கதையில் வரும் கோள்களின் பெயர்களைச் சூட்டி வருகிறது. அவற்றுள் ஒன்று ‘அராக்கிஸ்’ சமவெளி. மழை பெய்யாத ஊராகக் கற்பனையில் பிறந்த பெயர், மீத்தேன் மழையாகப் பொழியும் உண்மையான ஒரு நிலவில் இன்று வழங்குகிறது.